பிளாட்பாரத்துல நிக்கிறேன்

வணக்கம் நேயர்களே. போன மாதம் எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பாட்டி போனில் பேரனிடம், "நாலாவது பிளாட்பாரத்துல நிக்கிறேன்டா, சீக்கிரம் வா" என்றார். தினமும் காதில் விழுகிற வாக்கியம்தான், ஆனால் அன்றைக்கு அந்த 'த்து' மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. இது எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'ஃபார்ம்' என்று முடிகிறது. சொல்லை 'ர்ம்' என்று முடிப்பது நம் நாக்குக்கு ஒத்துவராது, அதனால் நடுவில் ஓர் அகரத்தைப் போட்டு 'பாரம்' ஆக்கிக்கொண்டோம். அவ்வளவுதான், அது மரம், குளம், பணம் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. மரத்தில், குளத்தில், பிளாட்பாரத்தில். இதற்கு அத்துச் சாரியை என்று பெயர், தொல்காப்பியமே சொல்கிறது. பாட்டிக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, 'ம்' என்று முடிந்தால் எல்லாவற்றுக்கும் 'த்து' வந்துவிடுமா என்றால், வராது. வானொலிச் செய்தியைக் கவனித்துக் கேளுங்கள், பெல்ஜியத்தில் என்பார்கள், வியட்நாமில் என்பார்கள். மியூசியத்துக்குப் போகிறோம், எக்ஸாமுக்குப் படிக்கிறோம், டீமில் சேர்கிறோம். முடிவில் குறிலாக 'அம்' இருக்க வேண்டும், அதுவும் ஒரே அசையாக இருக்கக் கூடாது, அதனால்தான் கம் போட்டு ஒட்டும்போது 'கம்முல ஒட்டு' என்கிறோம், 'கத்துல' என்று யாரும் சொல்வதில்லை. அப்புறம் சிதம்பரத்துக்கு, ஆனால் விக்ரமுக்கு. ஏன் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது, வாய் மட்டும் தவறுவதில்லை.

1958-ல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பறவை மாதிரி ஓர் உருவத்தை வரைந்து, 'வக்' என்று இல்லாத பெயரை வைத்துச் சின்னப் பிள்ளைகளிடம் காட்டினார். இப்போது இரண்டு இருக்கின்றன, இரண்டு என்ன என்று கேட்டார். அதுவரை கேட்டே இராத சொல்லுக்குப் பிள்ளைகள் பன்மை போட்டுச் சொன்னார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டுமல்ல பேச்சு, உள்ளே விதி ஒன்று ஓடுகிறது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி எனக்குத் தெரியாது.

அதைத் தமிழில் செய்து பார்க்க ஆசை வந்தது. அக்கா மகளுக்கு நாலு வயது, இன்னும் அ, ஆ எழுதத் தொடங்கவில்லை. மூன்று கால், நீள மூக்கு வைத்து ஒன்றை வரைந்து, "இது பேரு டபலம்" என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தவள், "மாமா, டபலத்துக்குப் பசிக்குதா?" என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அடுத்து குட்டையாக ஒன்றை வரைந்து 'கீம்' என்றேன். "கீமுக்கு வால் எங்க?"

படிக்காதவர்கள் பேச்சில் இலக்கணம் இல்லை, கொச்சை என்று சொல்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எழுத்துத் தமிழை நாம் பள்ளியில் கற்கிறோம், அது வேண்டியதுதான். ஆனால் இவ்வளவு நுணுக்கமான கணக்கை அந்தக் குழந்தைக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை, வீட்டில் பேசிய பேச்சிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள்.

இப்போது நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது 'சிஸ்டம்' என்ற சொல்லை. எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் 'சிஸ்டத்துல' என்கிறார்கள், இளையவர்கள் 'சிஸ்டம்ல' என்கிறார்கள், சொல் இன்னும் வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நிற்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எப்போதும் 'சிஸ்டம்ல'தான். நேற்று சாயங்காலம் மின்சாரம் விட்டு விட்டு வந்தபோது அவளே பதறிப்போய்க் கத்தினாள்: "எல்லாரும் சிஸ்டத்த ஆஃப் பண்ணுங்க!"