வெஜிட்டோ பிறந்தது வெஜிட்டாவின் இசைவால்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘வெஜிட்டோ என்னும் மாவீரன் உருவானதில் பெரும்பங்கு கோகுவுக்கா, வெஜிட்டாவுக்கா?’ என்ற தலைப்பில், வெஜிட்டாவுக்கே என்று வாதாட வந்திருக்கிறேன். டிராகன் பால் என்னும் ஜப்பானிய மங்கா சித்திரக்கதையில், கோகு, வெஜிட்டா என்ற இரு போட்டி வீரர்கள் ஒரே உடலாக இணைந்து பிறந்தவனே வெஜிட்டோ.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், அணியும் இருவரை ஒருவராக்கும் பொட்டாரா காதணிகளைக் கொண்டுவந்தவன் கோகு, இணையலாம் என்று அழைத்தவன் கோகு, சயன் இனத்து வீரர்களின் பேராற்றல் நிலையான சூப்பர் சயன் மூன்றாம் நிலையை எட்டியிருந்தவனும் கோகு என்று அடுக்கினார். மூன்றும் உண்மை, ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அழைப்பது எளிது, நடுவர் அவர்களே. அந்த அழைப்புக்கு இசைவதற்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதல்லவா கேள்வி?

1984 முதல் 1995 வரை அகிரா தொரியாமா வரைந்த டிராகன் பால் மங்காவின் இறுதிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். கோகு அந்தக் காதணியை முதலில் வீசியது தன் மகன் கோஹானுக்கு. கோஹான் பிடிக்கத் தவறினான். கீழே விழுந்ததைத் தேடி எடுத்து அணிவதற்குள் மஜின் பூ என்னும் அரக்கன் அவனைத் தன்னுள் உறிஞ்சிக்கொண்டான். அடுத்து, பூவின் முன் ஒரு நொடியும் நிற்க இயலாத சாதாரண மனிதனான மிஸ்டர் சாத்தானோடுகூட இணைந்துவிடலாமா என்ற அளவுக்குக் கோகு வந்துவிட்டான். உலகைக் காக்க யாரோடு வேண்டுமானாலும் கலந்துவிடும் பெரிய மனம் அது. அதை நான் போற்றுகிறேன். ஆனால் அந்த மனத்துக்கு இணைப்பு என்பது ஒரு வழி, அவ்வளவுதான். அது எதையும் விலையாகக் கேட்கவில்லை.

வெஜிட்டாவின் நிலை வேறு. தன் மகன் டிரங்க்ஸை முதன்முறையாக மார்போடு அணைத்துவிட்டு, பூவை அழிப்பதற்காகத் தன்னையே வெடிக்கச் செய்து இறந்தவன் அவன். என்மா மன்னர், அதாவது நம் எமதருமனின் ஜப்பானிய வடிவம், அவனை உடலோடு பூமிக்குத் திருப்பி அனுப்பிய நேரம் அது. நாடும் குடியும் அழிந்துபோன சயன் இளவரசனிடம் எஞ்சியிருந்தது தன்மானம் ஒன்றுதான். அதையும் கோகு காயப்படுத்தியிருந்தான். இருவரும் உயிரைக் கொடுத்து மோதியபோது மூன்றாம் நிலையை வெளிக்காட்டாமல் மறைத்துக்கொண்டான். களத்தில் தோற்பதைத் தாங்கிக்கொள்ளலாம். எதிரி தன்மீது இரக்கப்பட்டுக் கையை அடக்கிக்கொண்டான் என்று பின்னால் தெரியவருவதை எந்த வீரனால் தாங்க முடியும்? ஆகவேதான் அவன் முதலில் முடியாது என்றான். தன் மனைவி புல்மாவைப் பூ தின்றுவிட்டான் என்று கேட்ட பிறகே மனம் மாறி, காதணியைக் கொடு என்று கை நீட்டினான்.

அந்தக் கணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டுகிறேன். ஒருமுறை இணைந்தால் மீண்டும் பிரியவே முடியாது என்பதுதான் அப்போது அவர்கள் அறிந்திருந்த விதி. ஒரு மணி நேர வரம்பு என்பதெல்லாம் பின்னாளில் வந்த விளக்கம். வாழ்நாள் முழுவதும் வெல்லத் துடித்த ஒருவனுக்குள் என்றென்றைக்குமாகக் கரைந்துபோகச் சம்மதித்துத்தான் அந்தச் சிறு காதணியை வெஜிட்டா அணிந்தான்.

பிறந்த வீரன் தனக்கு இட்டுக்கொண்ட பெயரையும் பாருங்கள். வெஜிட்டாவும், கோகுவின் சயன் பெயரான ககரொட்டும் சேர்ந்ததே வெஜிட்டோ. கோகு தன்னைக் ககரொட் என்று சொல்லிக்கொள்வது வழக்கமில்லை. அவனைப் பிடிவாதமாக அப்படியே அழைத்துவந்தவன் வெஜிட்டா. கோகு என்ற பெயரும் வெஜிட்டா என்ற பெயரும் கலந்திருந்தால் கோஜிட்டா என்றல்லவா வந்திருக்கும்? இருவர் இணைவதற்கான இன்னொரு வழியான இணைவு நடனத்தில் பிறந்த வீரனுக்கு அந்தப் பெயர்தான் அமைந்தது. காதணியில் பிறந்தவனோ வெஜிட்டாவின் வாயிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டான். கைகளைக் கட்டிக்கொண்டு பூவை ஏளனமாகப் பார்க்கும் அந்த நிமிர்வும், காப்பி மிட்டாயாக மாற்றப்பட்ட பின்னும் பூவை முட்டி மோதும் அந்த வீறாப்பும் எனக்கு அந்த இளவரசனையே நினைவூட்டுகின்றன.

வெஜிட்டோவைப் பூ உறிஞ்சிக்கொண்ட பின், அவன் உடலுக்குள் இணைப்பு கலைந்ததும் வெஜிட்டா காதணியை நசுக்கிப் போட்டானே என்று எதிரணி கேட்டது. ஆம், நசுக்கினான். தன்னை எளிதாகக் கொடுத்திருந்தால் திரும்பக் கிடைத்ததை அவ்வளவு வேகமாக ஏன் பற்றிக்கொள்ளப் போகிறான்? அதே வெஜிட்டா, சற்று நேரத்தில், கோகு ஆற்றலைத் திரட்ட அவகாசம் வேண்டும் என்பதற்காகப் பூவிடம் அடிமேல் அடி வாங்கி நின்றான். ககரொட், நீயே முதல்வன் என்று தன் மனத்துக்குள் ஒப்புக்கொண்டான். காதணி இல்லாமலே அவன் செய்த அந்த இசைவையும் நடுவர் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.