யாருடைய களத்தில் தூற்றுவது?

(முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, விடுமுறை நாளென்றும் பாராது வருகை தந்திருக்கும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களே, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சமாசப் பிரதிநிதிகளே, வலையைக் காயப்போட்டுவிட்டு நேரே இங்கு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் என் மண்ணின் உறவுகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். மின்சார சபையில் பொறியியலாளராக இருந்து இளைப்பாறிய பெரியவர் ஒருவரும் முன்வரிசையில் இருக்கின்றார். அவரைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி பாதி, பயம் பாதி. முப்பது ஆண்டுகள் கூட்டுறவுப் பரிசோதகராக மற்றவர்களின் கணக்கில் பிழை பிடித்தவன் நான். இன்று என் கணக்கில் பிழை பிடிக்க ஒருவர் வந்திருக்கின்றார். எனக்குப் பொன்னாடை போர்த்திய மாதர் சங்கத்தாருக்கும், ஒலிபெருக்கியை இரண்டு தடவை திருத்திய தம்பிக்கும் என் நன்றி.

கடலில் காற்றாலை அமைப்பது பற்றிப் பேசும்படி பணித்திருக்கின்றீர்கள். நான்கு விடயங்களைத் தொட எண்ணியுள்ளேன். கடலுக்குள் இந்த யந்திரம் எப்படி நிற்கின்றது, மீனுக்கும் பறவைக்கும் அதனால் என்ன நேர்கின்றது, மின்கட்டணம் குறையுமா, வருகின்ற இலாபம் யாருடையது என்பனவே அவை.

வன்னியில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றி வேறொருவர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்திருக்கின்றோம். சூடடித்த களத்தில் பொலியை அள்ளிச் சுளகில் ஏந்தி நின்று, காற்று வரும்வரை வாய் திறவாமல் காத்திருந்த தலைமுறையினர் இச்சபையில் உள்ளனர். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்ற பழமொழி அந்தக் களத்திலேதான் பிறந்திருக்க வேண்டும். ஆனால், காற்று உள்ளபோது உன் களத்தில், உன் நெல்லைத் தூற்று என்றுதான் நம் முன்னோர் சொன்னார்களேயன்றி, அடுத்தவன் வந்து உன் களத்தில் தூற்றி நெல்லை அள்ளிக்கொண்டு பதரை உனக்கு விட்டுப்போவதற்காக அதைச் சொல்லவில்லை. இதை இன்று இன்னும் சில தடவைகள் சொல்வேன், பொறுத்தருள்க.

உலகில் முதன்முதலாகக் கடலுக்குள் காற்றாலைப் பண்ணை அமைத்த நாடு டென்மார்க். 1991 ஆம் ஆண்டு விண்டெபி என்ற இடத்தில் பதினொரு காற்றாலைகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் 450 கிலோவாற் வலுவுடையது. அவை கால் நூற்றாண்டு உழைத்து 2017 இல் கழற்றப்பட்டன. இன்று ஒரே யந்திரம் 15 மெகாவாற் தருகின்றது. அந்த 15 மெகாவாற் யந்திரத்தின் ஓர் இறகு 115 மீற்றர் நீளமானது; நம் ஊர்ப் பனைகளில் நாலைந்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஆழம் குறைந்த கடலில் பென்னம்பெரிய இரும்புக் குழாயைக் கடலடியில் அறைந்து, அதன்மேல் கோபுரத்தை ஏற்றுவார்கள். ஆழம் அறுபது மீற்றரைத் தாண்டினால் அந்த முறை கட்டுப்படியாகாது. அப்போது மிதவையின்மேல் நிறுத்திச் சங்கிலியால் நங்கூரமிடுவார்கள். ஸ்கொட்லாந்துக்கு அப்பால் 2017 இல் ஐந்து காற்றாலைகளை அப்படி நிறுத்தினார்கள். நமது மேற்குக் கரையை ஒட்டிய பாக்கு விரிகுடா பெரும்பாலும் பதினைந்து மீற்றர் ஆழத்துக்கு உட்பட்டது. மன்னார்ப் பக்கத்தில் சோளகம் எப்படி அறையும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆழம் குறைவு, காற்று மிகுதி. பின் யார்தான் கண் வைக்கமாட்டார்கள்?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் வலு எட்டில் ஒன்றாகிவிடும். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னரே என் பெரியப்பாவின் வாடியில், கடற்கரையில் மீனவர் தங்கும் அந்தக் கொட்டிலில், படித்துவிட்டேன்.

1996 ஆம் ஆண்டு. நம் பகுதியில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரி விட்டு எரித்த காலம். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பெரியப்பா கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர். வானொலி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. பழைய சைக்கிள் றிம் ஒன்றில், பரல் தகரத்தை வெட்டி ஆறு இறகுகளைக் கட்டி, வாடிக்குப் பக்கத்தில் நட்ட பாய்மரத்தில் அதை ஏற்றி, சைக்கிள் டைனமோவை அதனோடு உரசவிட்டு, வானொலியைப் பேச வைத்தார். சோளகத்தில் அது பேய் பிடித்ததுபோலச் சுழலும். விமானச் சத்தம் கேட்டால் மட்டும் வானொலியை நிறுத்திவிடுவார், விமானிக்குக் கேட்டுவிடுமாம்.

அந்த மார்ச் 17 இல் லாகூரில் உலகக் கிண்ணத் துடுப்பாட்ட இறுதியாட்டம். பிற்பகலில் நல்ல கடற்காற்று. அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் எடுத்ததைச் சுகமாகக் கேட்டோம். பொழுதுபட்டதும் காற்றும் விழுந்தது. இலங்கை இரண்டு விக்கெட்டுகளை இழந்து 23 ஓட்டங்களில் நின்றபோது றிம் அசையவில்லை, வானொலி முனகி அடங்கியது. பெரியப்பா ஒரு சொல்லும் பேசாமல் என் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை அதில் பூட்டி, "ஆளுக்கு ஓர் ஓவர் சுற்றுங்கோடா" என்றார். பெடலைக் கையால் சுற்றினோம். சுற்றுபவனுக்கு வானொலிக்குப் பக்கத்து இடம்; சுற்ற மறுப்பவன் வாடிக்கு வெளியே நிற்க வேண்டும். நான்கு ஓட்டம் அடித்த மகிழ்ச்சியில் பெடலை விட்டுக் கை தட்டிய ஒருவனை எல்லோருமாகத் தூக்கிக் கடலில் போடப் போனோம். அரவிந்த டி சில்வா நூறு அடித்ததைக் கேட்டோம். ஆனால் அந்த நொடியில் சுற்றியவன் உட்பட எல்லோரும் துள்ளி எழுந்துவிட்டதால் லாகூர்க் கைதட்டலைக் கேட்கவில்லை. நாங்கள் எந்த அணிக்காகத் துள்ளினோம் என்று இன்று யாரும் விசாரணை வைக்க வேண்டாம். (சபையில் சிரிப்பு.)

கவனியுங்கள். அன்றிரவு அந்த வானொலி பெரியப்பாவுடையதாக இருந்தது. ஆனால் அதில் வந்த ஓட்டங்கள் பெடல் சுற்றிய ஒவ்வொருவனுக்கும் சொந்தமாயின. கூட்டுறவு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தச் சுற்றறிக்கையிலும் படித்ததில்லை.

மறுபடியும் டென்மார்க்குக்குப் போவோம். தலைநகர் கொப்பன்ஹேகனுக்கு முன்னால், கரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீற்றர் தூரத்தில், 2000 ஆம் ஆண்டில் மிடெல்குறுண்டன் என்ற பண்ணை எழுந்தது. இருபது காற்றாலைகள், 40 மெகாவாற். அவற்றுள் பத்து மின்கம்பனிக்கு. மற்றப் பத்தும் பொதுமக்களின் கூட்டுறவுக்கு. எண்ணாயிரத்துக்கும் அதிகமான சாதாரண மக்கள் பங்கு வாங்கினார்கள். முதல் திட்டம் இருபத்தேழு காற்றாலைகளை மூன்று வரிசையாக நிறுத்துவது. மக்களைக் கேட்டார்கள், மக்கள் சொன்னார்கள், இருபதாகக் குறைத்து ஒரே வில்வளைவாக நிறுத்தினார்கள். தங்கள் களத்தில் தாங்களே தூற்றிக்கொண்டார்கள் ஐயா!

நம் பக்கத்தில் நடந்தது என்ன? மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனிப் பண்ணையில் முப்பது காற்றாலைகள், 103.5 மெகாவாற். அவை தரையில் நிற்பவை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் அமைக்க வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் நாட்கணக்கில் வீதியில் இருந்தார்கள். வெள்ளம் வடியவில்லை, மீன் விலகிப்போகின்றது, வலசைப் பறவைகள் என்னாகும் என்றெல்லாம் கேட்டார்கள். வங்காலைச் சரணாலயத்துப் பறவைகளைப் பற்றித் தனியே பேச இருக்கின்றேன். நேரம் இடம் கொடுத்தால் வருகின்றேன். அந்த மக்கள் காற்றை வெறுப்பவர்கள் அல்லர். தங்களைக் கேளாமல் தங்கள் களத்தில் சுளகு எடுத்ததையே எதிர்த்தார்கள்.

தரையில் இடம் இல்லையென்றால் அடுத்து எல்லோரும் கடலைத்தான் பார்ப்பார்கள். 2024 யூனில் இந்திய மத்திய அமைச்சரவை குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 என்று 1,000 மெகாவாற் கடற்காற்றாலைகளுக்கு உதவித்தொகை உட்பட 7,453 கோடி இந்திய ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. நமக்கும் கடற்காற்றாலைக்கான பாதை வரைபடம் ஒன்றை உலக வங்கிக் குழுமம் 2023 இலேயே எழுதித் தந்திருக்கின்றது.

இந்த இடத்தில்தான் என் வழக்கை வைக்கின்றேன். சர்வதேசக் கடற்சட்டப்படி இத்தகைய அமைப்பைச் சுற்றி 500 மீற்றர் வரை பாதுகாப்பு வலயம் வைக்கலாம். இங்கிலாந்தில் பண்ணைக்குள் மீன்பிடிக்க இடமுண்டு. பெல்ஜியத்தில் படகு நுழையவே முடியாது. எங்கள் கடலில் எந்த முறை வரும்? எங்கள் பாடு, அதாவது நாம் வலை போட்டு மீன் பிடிக்கும் இடம், எங்கேயென்று எழுத்தில் இல்லாவிட்டால், பாடு இல்லாத இடம் என்று சொல்லித்தான் குறி வைப்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் அலுவலகம் ஒன்றில் என் முன்னால் விரித்த வரைபடத்தில், இந்தக் கிராமத்துக்கு முன்னாலுள்ள கடல் வெறும் நீல நிறமாக இருந்தது. கரைவலை வளைக்கும் இடமும் இல்லை, கடலடிப் பாறையான பார் இல்லை, இறால் படும் மாதம் இல்லை. மேற்குக் கரையில் இரணைதீவு மக்களும் நாச்சிக்குடா மக்களும் கடலில் எங்கே போகின்றார்கள் என்பதை அந்த நீலத்திடம் கேட்டால் சொல்லுமா? இழுவைப் படகு வந்து வலையை அறுத்த இடமாவது அதில் இருந்ததா?

ஆகவே நமது சங்கங்கள் எந்தப் பாடு எங்கே, எந்த மாதத்தில் என்று குறிக்கும் பாட்டேடு ஒன்றை இப்போதே எழுத வேண்டும். அதைச் சமாசம் முத்திரையிட்டு மாவட்டச் செயலகத்தில் கையளிக்க வேண்டும். பண்ணை வருமானால் அதில் கரையோரச் சங்கங்களுக்குப் பங்கும், நிருவாகத்தில் ஆசனமும் வேண்டும். நட்டஈடு ஒரு தடவை வரும், பங்கு ஆண்டுதோறும் வரும். 2024 யூலையில் அமெரிக்காவின் நந்துக்கெற் தீவுக்கு அப்பால் ஓர் இறகு முறிந்து, அதன் நுரைத் துண்டுகளும் கண்ணாடியிழைச் சில்லுகளும் கரையெல்லாம் ஒதுங்கிக் கடற்கரைகளையே மூட வேண்டியதாயிற்று. அப்படி நாளை இங்கு நடந்தால், ஆசனத்தில் இருப்பவன் கேள்வி கேட்பான். மற்றவன் மனு எழுதுவான். காற்றுள்ளபோதே என்று அவசரப்படுவோர் களத்துச் சொந்தக்காரனை முதலில் எழுப்பட்டும்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கின்றார். கட்டணத்தையும் பறவைகளையும் அடுத்த ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்வோம். வாசலருகே மேசையில் பெரிய வரைபடம் ஒன்றை விரித்து வைத்திருக்கின்றோம். ஓட்டிகள், சம்மாட்டிமார், கடலட்டைக்கும் நண்டுக்கும் போகின்றவர்கள், கருவாடு காயவைக்கும் அம்மாமார், எல்லோரும் உங்கள் பாட்டைக் குறித்துவிட்டுப் போங்கள். பென்சிலால் மட்டும் குறியுங்கள், பேனை வேண்டாம். சோளகத்துப் பாடு வாடையில் இடம் மாறும். தேநீர்க் குவளையை அதன்மேல் வைத்துவிடாதீர்கள், போன தடவை கொக்கிளாய்ப் பக்கம் முழுவதும் கறையாகிவிட்டது.