ஏரித் தண்ணீரில் மீத்தேன் தின்னிகள்

நேயர்களுக்கு வணக்கம். கோபர் கேஸ் என்றால் என்ன என்று நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சாண வாயுவில் இருந்து அடுப்பில் எரிகிற அதே மீத்தேன் ஏரிச் சேற்றிலும் உண்டாகிறது. பாரூர் ஏரி வற்றும் நாளில் கரையோரச் சேற்றில் ஒரு கழியைக் குத்தி எடுத்தால் குபுகுபுவென்று குமிழ் வரும். 1776-ல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரியோரம் அலெசாந்திரோ வோல்டா இப்படிச் சேற்றைக் கிளறித்தான் மீத்தேனைப் பிடித்தார். பின்னாளில் பேட்டரி செய்தாரே, அவரேதான்.

குமிழ் நம் கண்ணில் படுகிறது. தண்ணீரில் கரைந்தபடி மேலேறும் மீத்தேன் படுவதில்லை. அதில் பெரும்பகுதி காற்றுக்கு வந்து சேராது, வழியிலேயே சில பாக்டீரியாக்கள் தின்றுவிடும். கீழிருந்து மீத்தேனும் மேலிருந்து ஆக்சிஜனும் சந்திக்கும் இடம்தான் அவற்றின் குடியிருப்பு. ஆழமில்லாத ஏரியில் அது சேற்றின் மேற்புறத்தில் சில மில்லிமீட்டர்தான். மீத்தேன் லேசில் உடையாத மூலக்கூறு. இவை தாமிரம் கலந்த ஒரு நொதியால் அதை முதலில் மெத்தனாலாக்கி, பிறகு படிப்படியாகச் சிதைக்கின்றன. ஒரு பங்கு கரியமில வாயுவாகப் போகிறது, மறுபங்கு அவற்றின் உடம்பாகிறது. அந்த உடம்பைச் சேற்றில் நெளியும் சிவப்புப் புழு தின்னும், புழுவை மீன் தின்னும். ஆக, மீன் குழம்பிலும் மீத்தேனிலிருந்து வந்த கார்பன் கொஞ்சம் உண்டு!

சரி, ஆண்டில் பாதி நாள் பனிக்கட்டி மூடிக் கிடக்கும் வடதுருவப் பக்கத்து ஏரிகளில்? அங்கே அடித்தண்ணீர் 4 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தக் குளிரிலும் மெத்திலோபாக்டர் என்ற இனம் வேலை பார்க்கிறது. குளிர் ஏறினால் மீத்தேனைத் தயாரிக்கும் நுண்ணுயிர்கள்தான் அதிகம் முடங்கும். தின்பவை அவ்வளவு முடங்குவதில்லை. குளிரைவிடத் தீனிப் பற்றாக்குறைதான் பல நேரம் அவற்றின் கையைக் கட்டுகிறது. பனிக்கட்டிக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் மட்டும் பெரும்பாலானவை திணறும், மீத்தேன் சேர்ந்துகொண்டே போகும். வசந்தத்தில் பனி உருகும்போது, தின்பது பாதி, தப்பிப்பது பாதி என்று ஒரு பந்தயம். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன், கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அந்தப் பந்தயத்தை விஞ்ஞானிகள் கவனிப்பது சும்மா இல்லை.

தளியில் மார்கழிப் பனி எவ்வளவு கொட்டினாலும் ஏரி உறையாது. நம் தண்ணீர் வெதுவெதுப்பானது. அதில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், மீத்தேன் தயாரிப்பும் வேகம். குமிழாகக் கிளம்பிவிட்டால் தின்பவற்றுக்கு அகப்படாது. என் கணிப்பில், இந்தச் சூட்டில் கை ஓங்கியிருப்பது தயாரிப்பவர் பக்கம்தான்.

அதை ஓரளவு மாற்றக்கூடிய இடம் கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் பாயும் நெல் வயல். நெல்லின் வேர்வழியே கொஞ்சம் ஆக்சிஜன் சேற்றுக்குள் இறங்கும், அங்கேயும் இந்தப் பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கும். நம் பெரியவர்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் வயல் காயும்போது காற்று உள்ளே போகிறது. தயாரிப்பு தடைபட்டு, தின்பது கூடுகிறது, தண்ணீரும் மிச்சம். ஓட்டை போட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள், மகசூல் அடிபடும்.