பகுதியைச் சொல்லாத பின்னம்

நடுவர் ஐயாவுக்கும், பிள்ளைகளைத் துணைப்பாடத்துக்கு அனுப்பிவிட்டுச் சமூக மன்றத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

மேடுபள்ளமான மண் தடத்தில் பைக் ஓட்டும் பந்தயமான மோட்டோகிராஸில் தலைசிறந்தவர் பெல்ஜியத்தின் ஸ்டெஃபான் எவர்ட்ஸா, அமெரிக்காவின் ரிக்கி கார்மைக்கேலா? நான் கார்மைக்கேல் பக்கம். எதிரணி அக்கா எவர்ட்ஸுக்கு 10 உலகப் பட்டம், உலகத் தொடரின் போட்டிகளான கிராண்ட் பிரீயில் 101 வெற்றி என்று அடுக்கினார், அரங்கமே கைதட்டியது, நானும்தான் தட்டினேன். ஆனால் அக்கா தொகுதியை மட்டும் சொன்னார், கீழே இருக்கும் பகுதியைச் சொல்லவே இல்லை. தொடக்கநிலைப் பிள்ளை இப்படிப் பின்னம் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

சரி, பகுதியை நான் சொல்கிறேன். எவர்ட்ஸின் முதல் பட்டம் 1991, கடைசி 2006. அதாவது 16 சீசன், 10 பட்டம். இடையில் காயங்கள் இருந்தன, மறுக்கவில்லை. கார்மைக்கேல் 1997 முதல் 2006 வரை அமெரிக்கத் தேசியத் தொடரை முழுதாக ஓட்டியது 10 சீசன், வென்றதும் 10.

இன்னொன்று. வெற்றி எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், 2023இல் நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் அந்த 101ஐத் தாண்டிவிட்டார், மகுடத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். இல்லை, பட்டம்தான் முக்கியம் என்கிறீர்களா, அப்படியென்றால் 101 என்று எதற்கு முழங்கினீர்கள்? விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வி தயாரிப்பது அறிவியல் இல்லை அக்கா.

நீச்சலில் இந்தத் தலைவலி இல்லை. 2016 ரியோவில் நம்ம சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியில் 50.39 விநாடி, முடிந்தது கதை, ஒலிம்பிக் குளம் எங்கேயும் அதே 50 மீட்டர். மோட்டோகிராஸில் மண் ஒவ்வொரு சுற்றிலும் மாறும். காலையில் வழவழவென்று இருந்த வளைவில் மதியத்துக்குள் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரத்தடம் விழுந்திருக்கும். அதனால் நேரத்தை வைத்து ஒப்பிட முடியாது, கூட ஓட்டியவர்களை எவ்வளவு தவறாமல் வென்றார் என்றுதான் பார்க்க முடியும்.

இப்போது 2002 அமெரிக்கத் தொடருக்கு வாருங்கள். 12 போட்டி நாள், நாளுக்கு இரண்டு பந்தயம், மொத்தம் 24. இருபத்து நான்கையும் கார்மைக்கேல் வென்றார். தொடக்கக் கம்பி விழுந்ததும் 40 வண்டிகள் ஒரே வளைவுக்குள் முண்டியடிக்கும், யாரோ ஒருவர் சறுக்கினாலே உங்கள் கதையும் முடிந்தது. ஒவ்வொரு பந்தயத்திலும் அவர் வெல்ல 90 விழுக்காடு வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 0.9ஐ 24 முறை பெருக்கிப் பாருங்கள், சுமார் 8 விழுக்காடுதான் வரும். அதிர்ஷ்டம் என்று சொல்வீர்கள், சொல்லுங்கள்.

அறிவியலில் அதற்கு ஒரே மருந்து, சோதனையைத் திரும்பச் செய்வது. 2002இல் அவர் ஓட்டியது 250 சிசி டூ ஸ்ட்ரோக், குறுகிய வேக எல்லைக்குள் சட்டென்று பொங்கும் எஞ்சின், கிளட்ச்சில் விரல் ஓயாது. 2004இல் 450 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், கீழிருந்தே இழுக்கும், ஆக்சிலரேட்டரை விட்டாலே எஞ்சின் பிடித்து நிறுத்தும், ஓட்டும் முறையே வேறு. அந்த ஆண்டு முழங்கால் காயத்தால், அரங்கத்துக்குள் நடக்கும் சூப்பர்கிராஸ் சீசனையே விட்டுவிட்டு வந்தவர் மறுபடி 24க்கு 24. முன்னே சொன்ன 8 விழுக்காட்டை அதே 8 விழுக்காட்டால் பெருக்குங்கள், ஒரு விழுக்காடுகூடத் தேறாது. அதனால் அவருடைய உண்மையான வாய்ப்பு 90ஐவிட நிறையவே மேலே இருந்திருக்க வேண்டும், அதைத்தான் நான் திறமை என்கிறேன்.

எவர்ட்ஸும் வண்டி மாற்றியவர்தான், சுஸுகி, கவாசாகி, ஹோண்டா, யமஹா நான்கிலும் உலகப் பட்டம் வென்றவர். அந்தப் புள்ளி எதிரணிக்கே. 2006இல் 15 கிராண்ட் பிரீயில் 14 வென்றதும் மலைப்புத்தான்.

அமெரிக்கத் தொடர் உள்ளூர்ப் போட்டிதானே என்று அடுத்து பேசப்போகும் அண்ணன் சொல்வார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நாடுகளுக்கு இடையிலான மோட்டோகிராஸ் போட்டியில் 1981 முதல் 1993 வரை தொடர்ந்து 13 முறை வென்ற நாடு அது. 2005இல் பிரான்சின் எர்னேயில் கார்மைக்கேல் இருந்த அமெரிக்க அணி வென்றது, எவர்ட்ஸின் பெல்ஜியம் பின்னால்தான் வந்தது. ஆனால் அது ஒரே நாள், அதுவும் அணிப் போட்டி, அதை வைத்து நான் முரசு கொட்ட மாட்டேன்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணிக்கு ஒரு கேள்வி. எந்தச் சான்று வந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்? என் பதிலை இப்போதே சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஜெட் லாரன்ஸ் 2023இல் அதே அமெரிக்கத் தொடரின் 450 பிரிவில் 22க்கு 22 வென்றார், அப்படி இன்னொரு சீசன் ஓட்டட்டும், நான் மறுபடி கணக்குப் போடுகிறேன்.