முழங்கை ஊன்றியபடி ஒரு வீட்டைச் சுற்றி

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில், கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ இருக்கும் ஒரு பெரிய வீட்டை அளந்து, கணினியில் முப்பரிமாணமாக எழுப்பிவிட இன்று முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் மவுஸ் மேசைமேல் நகரும் கருவி. ஒரு தூணைச் சுற்றிவந்து அதன் பின்பக்கச் செதுக்கலைப் பார்க்க அது தோதுப்படாது. அதற்கு, காற்றில் அசைத்தே கணினிக்குக் கட்டளையிடும் கைதான் சரி.

1980-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் இதைச் செய்துகாட்டினார். பெரிய திரையைக் கையால் சுட்டி, "அதை அங்கே வை" என்று சொன்னால் உருவம் நகர்ந்தது. அப்போது மணிக்கட்டில் உணர்கருவி கட்ட வேண்டியிருந்தது. 2010-ல் வந்த கினெக்ட் என்ற, உடல் அசைவைப் பார்க்கும் விளையாட்டுக் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையில் தூவி, அவை விழும் விதத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டது. இன்று கூகுளின் மீடியாபைப் மென்பொருள், சாதாரண கேமராப் படத்திலேயே கையில் 21 புள்ளிகளை அடையாளம் காண்கிறது.

ஆக, கையைக் கண்டுபிடிப்பது இனி பெரிய பாடு இல்லை. கையை நோகாமல் வைப்பதுதான் பாடு. அந்தரத்தில் நீட்டிய கை சீக்கிரமே கனக்கும், தோள் கடுக்கும். இதற்குக் 'கொரில்லா கை' என்று துறைக்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். வயதான ஆச்சி ஒருவர் தான் பிறந்த வீட்டைத் திரையில் பார்க்க உட்காருகிறார் என்று வையுங்கள். அவரைக் கை வீசச் சொல்வது நியாயமா? முழங்கை நாற்காலியில் ஊன்றியிருக்க, விரல் மட்டும் அசைந்தால் போதும் என்று இருக்க வேண்டும். 2024-ல் விற்பனைக்கு வந்த, கண்ணை மூடித் தலையில் மாட்டும் திரையான ஆப்பிள் விஷன் புரோ இதைச் சரியாகப் பிடித்தது. கண்ணால் பார்த்து, மடியில் வைத்த கையிலேயே இரண்டு விரலைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

அப்புறம், எந்த அசைவு கட்டளை, எது சும்மா? நம் பக்கத்தில் கையை ஆட்டாமல் யார் பேசுகிறார்கள்! கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டால்தான் திரையில் இருப்பதைப் பிடித்ததாகக் கணக்கு. மற்ற அசைவை விட்டுவிட வேண்டும். காற்றில் எதையும் தொட்ட உணர்வு வராது என்பதால், பிடித்த கதவு கொஞ்சம் ஒளிரட்டும், மெல்ல ஒலிக்கட்டும்.

காரைக்குடியில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். நிரல் எழுதும் முன் ஆத்தங்குடிக்குப் போங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்துத் தரைக்கல்லுக்குச் சாயம் ஊற்றுகிறவர்களின் கையைக் கவனியுங்கள். பிறகு அவர்களையும் ஆச்சிகளையும் திரைக்கு முன் உட்காரவைத்து, எதுவும் சொல்லித்தராமல், "இதைத் திருப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கைகள் தாமாக என்ன செய்கின்றனவோ, அதையே உங்கள் சைகைகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.