வோல்ட், ஆம்பியர், சூடேறிய ஒரு பிளக்

நேயர்களுக்கு வணக்கம்.

இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டைப் படித்துப் பாருங்கள். 230 வோல்ட், 1000 வாட் என்று இருக்கும். அதன் மின்தடை எத்தனை ஓம் என்று பெரும்பாலும் இருக்காது. அதை நாமே கண்டுபிடித்துவிடலாம். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.35, அதுதான் ஓடும் ஆம்பியர். 230-ஐ இந்த 4.35-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 53 ஓம். முடிந்தது கணக்கு.

பேனா தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இன்னொரு முறை: மின்னழுத்தமாகிய வோல்ட்டை மின்னோட்டமாகிய ஆம்பியரால் வகுத்தால் தடை, பெருக்கினால் திறன். வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்.

சூத்திரம் எளிது. வம்பெல்லாம் அதில் போடும் இரண்டு எண்களில்தான். இரண்டும் ஒரே பொருளுக்கு உரியவையாகவும், அது வேலை செய்யும் அதே நேரத்தில் எடுத்தவையாகவும் இருக்க வேண்டும். இதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருப்பேன், இன்றும் விடப்போவதில்லை.

ஓம் என்ற அலகு யார் பெயரால் வந்ததோ, அந்த ஜார்ஜ் சைமன் ஓம் பட்ட பாடும் இதுதான். பூட்டுச் செய்பவரின் மகன், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். கருவிகளைத் தானே செய்துகொண்டார். முதலில் அவர் பயன்படுத்திய மின்கலம், கம்பியை இணைத்ததும் வலுவிழக்கத் தொடங்கியது. ஓட்டம் குறைந்தது கம்பியாலா, கலத்தாலா? எப்படிச் சொல்வது? கலத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு இணைப்புகளின் வெப்ப வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் வெப்ப மின்னிரட்டை ஒன்றை எடுத்துக்கொண்டார். செம்பும் பிஸ்மத்தும் சேரும் இரண்டு இணைப்புகள். ஒன்று கொதிக்கும் நீரில், மற்றது உருகும் பனிக்கட்டியில். கொதிநிலையும் உருகுநிலையும் அசையாதவை. அதனால் அழுத்தமும் அசையவில்லை. பிறகு வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, ஓட்டத்தின் அளவை அறிய, தொங்கும் காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். முடிவுகளை 1827-ல் புத்தகமாக வெளியிட்டபோது சொந்த நாட்டில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1841-ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் என்ற அறிவியல் விருதைக் கொடுத்தது. சூத்திரத்தைவிட அந்தப் பனிக்கட்டியும் கொதிநீரும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. சரி, நேரம் ஓடுகிறது.

பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் எரியும்போது 0.26 ஆம்பியர் ஓடும். வகுத்தால் சுமார் 880 ஓம். அதே பல்பைக் கழற்றி, தடையை அளக்கும் மல்டிமீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. மீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! டங்ஸ்டன் இழை எரியும்போது 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலே இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் தடையும் ஏறும். மீட்டர் பார்த்தது ஆறிப்போன இழையை. சுவிட்சைப் போடும் கணத்தில் பாய்வதும் அந்தக் குறைந்த தடைக்கு ஏற்ற பெரிய ஓட்டம்தான். தேய்ந்துபோன பல்புகள் பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே உயிரை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது தொட்டால் சுடும் பிளக்குக்கு வருகிறேன். 2,000 வாட் ஹீட்டர் ஒன்று 8.7 ஆம்பியர் இழுக்கிறது. சாக்கெட்டில் பிடிப்புத் தளர்ந்து, அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரை ஓம் என்ன செய்துவிடும் என்கிறீர்களா? இங்கே 230-ஐக் கணக்கில் கொண்டுவராதீர்கள். அது சுற்று முழுவதற்கும் உள்ள அழுத்தம். தளர்ந்த இடத்தில் மட்டும் இழக்கப்படுவது 8.7-ல் பாதி, அதாவது 4.35 வோல்ட். அதை 8.7 ஆம்பியரால் பெருக்குங்கள்: ஏறத்தாழ 38 வாட். ஈயப்பற்று வைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், நேயர்களே. அதைவிடக் கூடுதலான சூடு, ஒரு பிளாஸ்டிக் பிளக்குக்குள்! ஹீட்டரோ வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த 4 வோல்ட் குறைவு அதற்கு உறைக்கவே உறைக்காது. பிளக் பழுப்பேறியிருந்தால், கருகல் வாடை வந்தால், அதில் மேற்கொண்டு எதையும் செருகாமல் மின்பணியாளரை அழைத்து சாக்கெட்டை மாற்றிவிடுங்கள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் கையைக் காட்டுகிறார். மோட்டார்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஓடும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால், உண்மையில் செலவாகும் வாட்டைவிடக் கூடுதலான எண் கிடைக்கும். மாறுதிசை மின்சாரத்தில் அழுத்தமும் ஓட்டமும் அங்கே ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஆகவே திறன் காரணி என்ற மூன்றாவது எண்ணாலும் பெருக்க வேண்டும். அது 0.8 என்றால், 1000 வந்த இடத்தில் 800 வாட். வகுத்துத் தடையைக் காணும் வழியும் மோட்டாருக்கு அப்படியே பொருந்தாது. ஏன் என்று சொல்ல இன்று நேரமில்லை.

நன்றி, வணக்கம்.