உள்ளே போன ஆக்சிஜன் என்ன ஆனது?

எல்லோரும் ஒரு தடவை மூச்சை இழுத்து அடக்கிப் பாருங்கள். நானும் அடக்கினால் பேச்சு நின்றுவிடும், அதனால் நீங்கள் மட்டும். அரை நிமிடத்தில் நெஞ்சு முட்ட ஆரம்பிக்கும். (அந்த முட்டலை முதலில் கிளப்புவது ஆக்சிஜன் குறைவது அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. அது தனிக் கதை.) சரி, விட்டுவிடுங்கள். இப்போது சொல்லுங்கள், உள்ளே போன ஆக்சிஜன் என்ன ஆனது?

கார்பன் டை ஆக்சைடாக மாறி வெளியே வருகிறது என்று முன்வரிசையில் ஒருவர் சொல்கிறார். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. ஏறக்குறைய முழுவதும் தண்ணீராகிறது! வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன், சாப்பாட்டிலிருந்தும் உடம்பிலிருக்கும் தண்ணீரிலிருந்தும் வந்தது. ஏதோ சின்னத் திருத்தம் மாதிரி தெரியும், ஆனால் இன்று நான் பேச வந்ததே இதைத்தான்.

1780களில் லவாய்சியர், லாப்லாஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள், அப்புறம் கரியை எரித்து அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, மூச்சு விடுவதும் ஒருவகையில் மெதுவாக எரிவதுதான் என்றார்கள். கணக்கு சரி. ஆனால் எரித்துச் சூடாக்கினால் செல்லுக்கு என்ன லாபம்? சூட்டை வைத்து வேலை வாங்க அது நீராவி எஞ்சின் இல்லையே. அதனால் செல் வேறு வழி வைத்திருக்கிறது. குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உள்ள புரதங்களிடம் கொடுக்கிறது. ஒரு புரதம் அடுத்ததற்குக் கைமாற்ற, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஆற்றல் கிடைக்கிறது. கடைசிப் படியில் நிற்பது ஆக்சிஜன். எலக்ட்ரானைக் கண்டால் விடாது. வாங்கிக்கொண்டு, புரோட்டான்களையும் சேர்த்துக்கொண்டு தண்ணீராகிவிடும். அதாவது நாம் மூச்சு வாங்குவது, வேலை முடிந்த எலக்ட்ரான்களைத் தள்ளிவிட ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. சயனைடு கொல்வதும் இந்தக் கடைசிப் படியை அடைத்துத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்துகொண்டே இருக்கும், எலக்ட்ரானை அதனிடம் கொடுக்கத்தான் வழி இருக்காது.

அந்தப் படிகளில் கிடைக்கும் ஆற்றலை எதில் பிடித்து வைப்பது? 1961இல் பீட்டர் மிட்செல் என்ற பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் ஒன்று சொன்னார்: அந்த ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கம் தள்ளப்படுகின்றன, அணையில் தேங்கிய தண்ணீர் மாதிரி அங்கே முட்டிக்கொண்டு நிற்கின்றன, திரும்பி வரும்போது வேலை செய்கின்றன. பலரும் ஏற்கவில்லை. அவர் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, அதையே ஆய்வுக்கூடமாக்கி வேலையைத் தொடர்ந்தார். 1978இல் நோபல் பரிசு வந்தது. அந்தச் சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே இருப்பது சுமார் 150 மில்லிவோல்ட்தான். ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவு என்பதால், மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்று கணக்கு வரும். காற்றில் மின்பொறி பறக்க 30 லட்சமே போதும். ரத்தச் சிவப்பணுக்களைத் தவிர, உங்கள் உடம்பில் அநேகமாக எல்லாச் செல்லிலும் இப்போது இது நடந்துகொண்டிருக்கிறது.

திரும்பி வரும் புரோட்டான்களுக்கான வழி ஒரு புரத எந்திரம், ஏடிபி சிந்தேஸ். செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செய்வது இதுதான். அது நிஜமாகவே சுற்றுகிறது, பேச்சுக்குச் சொல்லவில்லை. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் ஒரு பாகத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, அச்சின் நுனியில் ஒளிரும் தசைப்புரத இழை ஒன்றைக் கட்டி, ஏடிபியை ஊற்றிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இழை காற்றாடி மாதிரி சுற்றியது. ஏடிபியைச் செலவழித்தால் அந்தப் பக்கம் சுற்றும், புரோட்டான்கள் இந்தப் பக்கம் சுற்றவைத்தால் ஏடிபி உருவாகும். தசை இழுக்கவும் நரம்பு வேலை செய்யவும் அந்த ஏடிபிதான் வேண்டும். கையிருப்பு மிகக் கொஞ்சம், ஓடும் தசையில் சில வினாடிகளுக்கு மேல் தாங்காது. அதனால் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும், ஒரு நாளில் நாம் செய்து செலவழிக்கும் ஏடிபி கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவுக்கு வரும்.

தாவரம்? அது தண்ணீரிடமிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. வெயிலின் துணை இருப்பதால்தான் முடிகிறது. பிடுங்கிய பிறகு மிஞ்சுவதுதான் இலை வெளியே விடும் ஆக்சிஜன். அது கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதல்ல, தண்ணீரிலிருந்து வருவது என்று 1941இல் கனமான ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்துக் காட்டினார்கள். இலை உடைத்த தண்ணீரை நாம் மூச்சு வாங்கித் திரும்பக் கூட்டிவைக்கிறோம்.

வெயிலே இல்லாத இடத்தில்? 1977இல் பசிபிக் பெருங்கடலின் காலபகோஸ் தீவுகள் அருகே ஆழ்கடலில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். அங்கே வாயும் இல்லாமல் குடலும் இல்லாமல் ஆளுயரக் குழாய்ப்புழுக்கள். அவற்றுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து எலக்ட்ரானை எடுத்து ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. சூரியனே வேண்டாம் என்று இதைச் சொல்வார்கள், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் உண்டானதுதானே.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா. காற்றே இல்லாத சேற்றுக்குள் இருக்கிறது, ஆக்சிஜன் கிடைக்காது, அதனால் எலக்ட்ரானைக் கொண்டுபோய் இரும்புத் துருவிடம் கொடுக்கிறது. சேற்றுக்குள் ஒரு கரித்தகடு, மேலே தண்ணீரில் இன்னொன்று, நடுவில் ஒரு கம்பி வைத்தால் துருவுக்குப் பதில் தகட்டிடம் கொடுக்கும், கம்பியில் மின்சாரம் ஓடும். ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் மீட்டரில் முள் நகரும்.